விட்டிக் மேனர்: டியூடர் வீடா, டியூடர் வேஷமா?

2023 செப்டம்பர் 17, தொடக்கக் கேள்வி

"போன வாரம் இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் பக்கத்தில் வைட்விக் மேனர் என்ற வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். கருப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர், உயர உயரமாகப் புகைபோக்கி. எட்டாம் ஹென்றி காலத்து, அதாவது 1500களின் டியூடர் ராஜாக்கள் காலத்து வீடு என்று நினைத்து நூறு படம் எடுத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால் 1887இல் கட்டியதாம். விக்டோரியா காலத்துப் பணக்காரர் ஒருவர் போட்ட டியூடர் வேஷம், அவ்வளவுதான். இதற்குப் போய் அரசாங்கத்தின் முதல் தரப் பாதுகாப்பு எதற்கு? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்."

2023 செப்டம்பர் 17, இரவு

தம்பி, முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். எழுத்தைப் பார்த்தால் வைட்விக் என்றுதான் படிக்கத் தோன்றும், ஆனால் இந்த ஊர்க்காரர்கள் 'விட்டிக்' என்பார்கள். நான் இங்கே வந்து ஒரு வருஷம் வரைக்கும் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, 1887 பாதிக்கணக்கு. நீங்கள் பார்த்தது இரண்டு தடவையாகக் கட்டிய வீடு. மேற்குப் பக்கம் 1887, கிழக்குப் பக்கம் 1893. கட்டச் சொன்னவர் தியோடர் மேண்டர், பெயின்ட், வார்னிஷ் செய்து சம்பாதித்த குடும்பம். கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஓல்டு. இரண்டும் அவர் கைதான்.

'வேஷம்' என்ற சொல் உறுத்துகிறது. காரணம் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

2023 செப்டம்பர் 18

காரணம் இதுதான்: நான் குடியிருப்பதே டியூடர் வேஷம் போட்ட வீட்டில். 1930களில் இங்கிலாந்து முழுக்க ஊரோரங்களில் வரிசை வரிசையாகக் கட்டினார்களே, இரண்டு வீடு ஒட்டி நிற்குமே, முன்பக்கம் முக்கோணத்தில் கருப்புப் பட்டை ஓடுமே, அதில் ஒன்று. வாங்கும்போது எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் கருப்புப் பட்டைதான் பிடித்தது, அதை மறைக்க மாட்டேன். நான்காம் வருஷம் மாடிப் படுக்கையறையில், ஜன்னலுக்கு மேலே, கைக்குட்டை அளவுக்கு ஓதம் தெரிந்தது. குளிர்காலம் முடிவதற்குள் தலையணை அளவாகிவிட்டது. காளான் வாசனை. ஆள் வைத்து ஏணி போட்டுப் பார்த்தால், அந்தக் கருப்பு 'உத்தரம்' ஓர் அங்குலப் பலகை. செங்கல் சுவரில் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், இடையில் சிமென்ட் பூச்சு. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த ஆள், பலகைக்கும் பூச்சுக்கும் நடுவில் இருந்த இடுக்கையெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்து மேலே பளபளப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். மேல் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பலகையின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினேன், ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. அந்தப் பலகையை எடுத்துவிட்டாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எதையும் தாங்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நிஜமான டியூடர் வீட்டைப் பாருங்கள். செஷயரில் லிட்டில் மோர்ட்டன் ஹால் இருக்கிறது, 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து நூறு வருஷம் வரைக்கும் கூட்டிக் கூட்டிக் கட்டியது. அங்கே சுவர் என்பதே மரம்தான். ஓக் கட்டையை ஈரம் காயாத பச்சையாகவே அறுத்து, ஒன்றின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி மற்றதில் தோண்டிய குழிக்குள் செருகி, குறுக்கே துளை போட்டு மரமுளை அடித்திருப்பார்கள். நாக்கில் உள்ள துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள், முளை உள்ளே இறங்கும்போது இரண்டு கட்டையையும் ஒன்றோடு ஒன்று இழுத்து இறுக்கிவிடும். மரம் காயக் காயப் பிடி கூடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முளைத் தலைகளை அங்கே முற்றத்தில் நின்றே பார்க்கலாம். சட்டங்களுக்கு இடையில் இருக்கும் வெள்ளை வெறும் நிரப்பு. அந்தக் காலத்தில் பொதுவாகக் குச்சி பின்னி மண் அப்புவார்கள்.

ஆக, என் வீட்டில் செங்கல் தாங்குகிறது, மரம் பார்வைக்கு. லிட்டில் மோர்ட்டனில் மரம் தாங்குகிறது, மண் மறைப்புக்கு. விட்டிக் இரண்டாம் வகை. முழுக்க மரவீடு.

2023 செப்டம்பர் 24

கடைசி வரியைத் திருத்துகிறேன். 'முழுக்க மரவீடு' என்று எழுதியது தவறு. இன்றைக்குக் காலையில் இதற்காகவே போய்வந்தேன். மேற்குப் பாதியில் சிவப்புச் செங்கல் நிறைய இருக்கிறது, மரச்சட்டம் அதற்கு மேலே வருகிறது. எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கண் எப்போதும் கருப்பு வெள்ளைக்கே போய்விடுவதால் செங்கல் பதியவே இல்லை. கிழக்குப் பாதியில்தான் ஓல்டு மனம் விட்டு வேலை செய்திருக்கிறார். ஆறு வருஷ இடைவெளியில் அந்த மனிதருடைய கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று புல்தரையில் நின்றபடி இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். மேற்கு, நல்ல வசதியான வீடு. கிழக்கு வேறு ஆட்டம்: சட்டங்களுக்குள் வகைவகையான வடிவங்கள், கூரை விளிம்புப் பலகையெல்லாம் செதுக்கல்.

அந்தச் செதுக்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். இலை, கொடி. நிழல் விழும் ஆழம். என் வீட்டு ஓர் அங்குலப் பலகையில் இந்த ஆழத்துக்குச் செதுக்கினால் மறுபக்கம் வந்துவிடும். சும்மா சுவரில் ஒட்டுவதற்கு யாரும் இவ்வளவு கனமான மரத்தை வாங்கமாட்டார்கள்.

2023 செப்டம்பர் 26

கட்டட வேலை தெரிந்த ஒருவர், "விக்டோரியா காலத்து மரச்சட்ட வீடுகளில் சட்டத்துக்குப் பின்னால் பெரும்பாலும் செங்கல்தான் இருக்கும், அதனால் மரம் மட்டுமே தாங்குகிறது என்று சொல்ல முடியாது" என்று கேட்டிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன் ஐயா. குளிருக்கும் தீப்பயத்துக்கும் அப்படிச் செய்வது வழக்கமாகத்தான் இருந்தது. என்னுடைய 'இரண்டு வகை' கணக்கு ரொம்பச் சுத்தமாக இருந்தது, நடுவில் ஒரு வகை வேண்டும்: மரமும் செங்கலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வகை. ஆனால் மரத்தைப் பிடுங்கிவிட்டாலும் வீடு அப்படியே நிற்கும் என்ற வகையில் விட்டிக்கைச் சேர்க்க மனம் வரவில்லை.

2023 அக்டோபர் 8

மழை. வெளியே போகவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு பெயின்ட் முதலாளி ஏன் டியூடர் வீடு கேட்டார்? வுல்வர்ஹாம்ப்டனை நினைத்துப் பாருங்கள். நிலக்கரி, இரும்பு, புகை. இந்த வட்டாரத்துக்குப் பெயரே கருப்பு நாடு. மேண்டர் பிரதர்ஸ் 1773இல் ஆரம்பித்த தொழில். அந்தப் பணத்தில் வளர்ந்தவர் ஊரின் மேற்கு ஓரத்தில், புகையை விட்டு விலகி, மேட்டில் ஓர் இடம் பார்த்து, தொழிற்சாலையே வராத காலத்து வீடு மாதிரி ஒன்று வேண்டும் என்கிறார். 1884இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு இந்த ஊருக்கு வந்து, அழகான வீடு எப்படி இருக்கவேண்டும் என்று பேசினார். தியோடர் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டார். மூன்றே வருஷத்தில் வீடு எழும்புகிறது. சுவருக்கு வில்லியம் மாரிஸ் நிறுவனத்துத் தாளும் துணியும், கணப்படுப்பு ஓரத்துக்கு வில்லியம் டி மார்கன் ஓடு, வண்ணக் கண்ணாடிக்கு சார்ல்ஸ் கெம்ப். கூட்டத்தில் எழுதியதை அப்படியே செலவு செய்து பார்த்த ஆள் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஓல்டும் சும்மா படம் பார்த்து வரைந்தவர் இல்லை. செஸ்டர் நகரத்தில் கருப்பு வெள்ளைக் கட்டடங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் டக்ளஸ். ஓல்டு அவரிடம் வேலை பழகியவர். பிற்பாடு, 1904இல், ஷ்ராப்ஷயர், ஹெரிஃபோர்டுஷயர், செஷயர் பக்கத்துப் பழைய மரச்சட்ட வீடுகளைப் பற்றிய படப் புத்தகத்துக்கு அவர்தான் விளக்கம் எழுதினார். ஊர் ஊராகப் போய்க் கூரையையும் மூலையையும் பார்த்தவர் கை விட்டிக்கில் தெரிகிறது.

அப்புறம் பெரிய கூடம். கிழக்குப் பாதியின் உயிரே அதுதான். இரண்டு மாடி உயரம், ஒரு பக்கம் பாட்டுக்காரர்களுக்கான மேல்மாடம், மேலே மரக்கூரை வெளிப்படையாக, கெம்ப் தீட்டிய வண்ணத்தோடு. சுவரின் மேல்பட்டை முழுக்கச் சுதைச் சிற்பமாகக் கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியஸ் கதை. டியூடர் காலத்துக்கும் முந்திய பிரபுக்கள் வீட்டுக் கூடத்தின் நகல் என்று சொல்லலாம், ஆனால் பழைய கூடத்தில் எஜமானும் வேலையாட்களும் நாயும் புகையுமாக ஒரே இடத்தில் சாப்பிட்டார்கள். இங்கே குளிர் தெரியாமல் உட்கார வெப்பக் குழாய், வெளிச்சத்துக்கு மின்விளக்கு. பழையதை அப்படியே எடுத்து வைக்கவேண்டும் என்று ஓல்டுக்கு ஆசை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய மொழியில் புதுப் பாட்டு எழுதுகிறவர் மாதிரி அவர். சொல் பழசு, சொல்கிற விஷயம் 1893.

இதில் இன்னொரு வேடிக்கை, நாம் 'டியூடர் நிறம்' என்று நினைக்கும் கருப்பு வெள்ளையே பெரும்பாலும் விக்டோரியா காலத்துப் பழக்கம். பழைய ஓக் மரத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள், வெயிலிலும் மழையிலும் அது வெள்ளி மாதிரி சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். தாரும் கருப்புப் பெயின்டும் மொத்தமாக ஏறியது 1800களில். அதற்கு முன்னால் ஒரு வீட்டிலும் கருப்பு கிடையாது.

2023 அக்டோபர் 9

'ஒரு வீட்டிலும்' என்பது மிகை, எடுத்துவிடுங்கள். மழை நாளில் எழுதினால் எனக்கு இப்படித்தான் வேகம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் என்றதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் தம்பி, அந்தத் திருத்தத்தோடும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் விட்டிக்கைப் பார்த்து எட்டாம் ஹென்றி காலம் என்று நம்பியதற்குக் காரணமே அந்தக் கருப்புதான். ஒரு பழைய வீட்டைச் சாம்பல் நிறமாகவே விட்டிருந்தால் அதைப் பழசு என்று நம்பியிருப்பீர்களா? நான் நம்பியிருக்கமாட்டேன்.

2023 நவம்பர் 12

உள்ளே உள்ள ஓவியங்களைப் பற்றி ஓர் அக்கா கேட்டிருந்தார். விக்டோரியா காலத்து ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த ஒன்று இருக்கிறது அக்கா, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு காதல் ஜோடி, நீலத் துணியும் முட்செடியுமாக. அதன் கதை நம் விவாதத்துக்கு அப்படியே பொருந்துகிறது. முதலில் 1870களில் அதை நீர்வண்ணத்தில் வரைந்தார். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று பின்னால் எழுதியும் வைத்திருந்தார். 1893இல் பாரிஸில் அச்சுப் படம் எடுக்கும் வேலைக்காகக் கொடுத்த இடத்தில், எண்ணெய் ஓவியம் என்று நினைத்து முட்டை வெள்ளைக்கருவைப் பூசிவிட்டார்கள். படம் கெட்டது. மனம் உடைந்த மனிதர் அதே படத்தை எண்ணெய் வண்ணத்தில் மறுபடி வரைந்து 1894இல் முடித்தார். விட்டிக்கில் தொங்குவது அந்த இரண்டாவது. கெட்டுப்போன முதல் படத்தையும் சில வருஷம் கழித்து அவரே சரி செய்தார் என்பது வேறு விஷயம்.

அதன் முன்னால் நின்று 'இது நகல்' என்று யாருக்காவது சொல்லத் தோன்றுமா? அதே கை, அதே ஆள், இருபது வருஷம் கூடுதலான துக்கம். எனக்கு அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

2023 நவம்பர் 14

முன்னால் எழுதியதைப் படித்தால், எல்லாமே தியோடர் வாங்கி வைத்தது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. தியோடர் 1900இல் இறந்துவிட்டார், கிழக்குப் பாதியை ஏழு வருஷம்தான் அனுபவித்தார். இந்த ஓவியத் தொகுப்பு பெரும்பாலும் அவர் மகன் சர் ஜெஃப்ரி மேண்டரும் மருமகள் ரோசலியும் 1937க்கு அப்புறம் தேடித் தேடிச் சேர்த்தது. அந்த மாதிரி ஓவியங்களைச் சீந்துவார் இல்லாத காலம் அது. மாரிஸ் துணிகளிலும் பின்னால் வந்து சேர்ந்தவை உண்டு. ஆக நாம் பார்ப்பது 1893இல் உறைந்துபோன வீடு இல்லை. அதற்குப் பிறகும் பல பத்து வருஷம் ஆட்கள் வாழ்ந்து, வாங்கி, மாட்டி, மாற்றிய வீடு.

2024 ஜனவரி 21

பாதுகாப்பு எதற்கு என்ற முதல் கேள்விக்கு இத்தனை நாளாகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

சர் ஜெஃப்ரி இந்த வீட்டை, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்குக் (National Trust) கொடுத்தது 1937இல். அப்போது வீட்டுக்கு ஐம்பது வயது, கிழக்குப் பாதிக்கு நாற்பத்து நான்கு. அவர் லிபரல் கட்சி எம்.பி., தன் தொழிற்சாலையில் வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை என்று தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டவர். அன்றைக்கு விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அதைக் காப்பாற்றப் பேசும் விக்டோரியன் சொசைட்டி 1958இல்தான் வருகிறது. அது வந்த பிறகும் 1961 கடைசியில் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் பெரிய கல் வாயிலை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், எவ்வளவோ கெஞ்சியும். அப்படிப்பட்ட காலத்தில், அம்மா அப்பா கட்டிய வீட்டை 'இது தேசத்துக்கு வேண்டிய பொருள்' என்று ஒருவர் நீட்டுவதும், அறக்கட்டளை கை நீட்டி வாங்கிக்கொள்வதும் சின்ன காரியமா? கொடுத்த பிறகும் குடும்பம் அங்கேயே இருந்தது. லேடி மேண்டர் 1988இல் இறந்தார்.

அறக்கட்டளையிடம் இருப்பது ஒன்று, சட்டப் பாதுகாப்பு இன்னொன்று. இங்கிலாந்தில் பட்டியலில் சேர்த்த கட்டடங்களில் முதல் தரம் கிட்டத்தட்ட நூற்றுக்கு இரண்டரை மட்டுமே. பட்டியலில் வந்துவிட்டால் வெளிச்சுவர் மட்டும் இல்லை, உள்ளே கதவு, படி, அடுப்பு மாடம் எல்லாமே கணக்கு. அனுமதி இல்லாமல் அதன் இயல்பு மாறும்படி கை வைத்தால் குற்றம். வயதுக்குக் கொடுக்கும் தரம் இல்லை தம்பி அது. 1893இல் ஒரு கட்டடக் கலைஞர், ஒரு கண்ணாடிக்காரர், ஓடு சுடுகிறவர், துணி நெய்கிறவர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் தங்கள் நல்ல வேலையைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதைப் பிரிக்காமல் வைத்திருப்பதற்குக் கொடுக்கும் தரம்.

2024 பிப்ரவரி 3

தொடக்கக் கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்து, "சரி அண்ணா, வேஷம் என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் இடம்? பழைய வீடு என்றால் அந்த மண்ணோடு சேர்ந்தது இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு ஒரு வீடு இருக்கிறது, ஆனால் அங்கே நேரில் போய்ப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 28

போய்வந்தேன். வீடு ஹில் பார்க், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் விர்ரல் (Wirral) என்ற தீபகற்பத்தில் இருக்கிறது. அதே ஓல்டு, அவருடைய கிரேசன் அண்ட் ஓல்டு நிறுவனம், 1891. கால வரிசையில் விட்டிக்கின் இரண்டு பாதிக்கும் நடுவில் வருகிறது, பார்த்தவுடனே சித்தப்பா பிள்ளை மாதிரி ஜாடை. சோப்பு முதலாளி ராபர்ட் வில்லியம் ஹட்சனுக்காக பிட்ஸ்டன் குன்றின்மேல் கட்டினார்கள், அப்போது பெயர் பிட்ஸ்டன் கோர்ட். 1921இல் சர் எர்னஸ்ட் ராய்டன் வாங்கினார். அவருக்கு வீடு பிடித்திருந்தது, குடியிருக்க நினைத்த இடம் வேறாக இருந்தது. 1928 முதல் 1931 வரைக்கும் வீட்டைக் கழற்றி, சில மைல் தள்ளி ஃப்ராங்க்பியில் கொண்டுபோய் மறுபடி கட்டினார். இன்றைக்கு அங்கேதான் நிற்கிறது, முதல் தரத்துக்கு அடுத்த படியான இரண்டாம் தர நட்சத்திரப் பாதுகாப்போடு.

முன்புல்லில் நின்றபோது மண்ணைப் பற்றிய கேள்விதான் நினைவில் இருந்தது. செங்கலை மட்டுமே நம்பியிருக்கும் என் வீட்டை இப்படித் தூக்க வேண்டும் என்றால் இடித்து அள்ளத்தான் முடியும். செருகி முளை அடித்த மரச்சட்டத்தைக் கழற்றலாம், எண் போட்டு மறுபடி மாட்டலாம். டியூடர் தச்சர்களும் கட்டையைத் தச்சு முற்றத்தில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, உளியால் அடையாளம் கீறி, கழற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் வீடு எழுப்பினார்கள். அந்த வழியில் மரச்சட்ட வீட்டுக்கு நகர்வது பழகிய விஷயம்.

இன்னும் கேளுங்கள். ஜெர்மனியில் பாட்ஸ்டாம் ஊரில் சிசிலியன்ஹோஃப் அரண்மனை இருக்கிறதே, 1945 ஜூலையில் ட்ரூமன், ஸ்டாலின், சர்ச்சில் மூவரும் உட்கார்ந்து பேசிய இடம். அதை 1914 முதல் 1917 வரைக்கும் ஜெர்மன் இளவரசருக்காகக் கட்டினார்கள், மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்தப் பிட்ஸ்டன் கோர்ட்டைத்தான் என்பார்கள். செஷயர் தச்சன் வேலையைப் பார்த்து ஓல்டு, ஓல்டைப் பார்த்து பாட்ஸ்டாம். எங்கே அசல் முடிந்து நகல் ஆரம்பிக்கிறது என்று கோடு போட எனக்குத் தைரியம் இல்லை.

2024 மே 19

என் வீட்டுக் கதை என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பலகைகளை மொத்தமாக எடுத்துவிட்டு வெறும் வெள்ளைச் சுவராக விட்டுவிடலாம், செலவு குறையும் என்று முதலில் நினைத்தேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, மாதக்கணக்கில் விட்டிக்கைப் பற்றி எழுதிவிட்டு இதைப் பிடுங்கப் போகிறீர்களா என்றாள். இந்தத் தடவை வந்த தச்சர் ஓக் பலகை கொண்டுவந்தார், மேல் விளிம்பைத் தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி சாய்வாக இழைத்தார், பின்னால் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விட்டார், சிலிக்கான் கிடையாது. நிறம் என்ன அடிக்க என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றேன்.

இப்போது தேன் நிறத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டில் கருப்பு, எங்கள் வீட்டில் மஞ்சள், தெருவில் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாம்பல் நிறத்துக்கு வரச் சில குளிர்காலம் ஆகும் என்றார் தச்சர்.